இரண்டாவது கையெழுத்து

எனக்கு ஒருவன் மேல் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அவன் என்னோடு ஒரே அறையில் வேலை செய்கிறான். என்னைவிட வயதில் இளையவன். என்னை அக்கா என்று கூப்பிடுகிறான். எப்போது பார்த்தாலும் சிரிக்கிறான். இதில் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் தினமும் காலை எட்டு மணிக்கு அவன் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

நாங்கள் இருவரும் கோலாலம்பூருக்கு வடக்கே, தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையில் மருத்துவ இயற்பியலாளர்கள். கல்யாண வீட்டில் இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. டாக்டரா என்பார்கள், இல்லை என்றால் நர்ஸா என்பார்கள், அதுவும் இல்லை என்றதும் பேச்சை மாற்றிவிடுவார்கள். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றால், எங்கே, எவ்வளவு என்று டாக்டர் சொல்வார். அந்த அளவு அந்த இடத்தில்தான் போய் விழுகிறதா என்று கணக்குப் போட்டு, இயந்திரத்தை அளந்து பார்த்து, பொறுப்பேற்பது எங்கள் வேலை. மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி செய்யலாம், மிச்ச நேரம் என்று ஒன்று இருந்தால்.

அவனுக்கு இருந்தது. அவன் வீடு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் பின்னால், அவர்கள் குடும்பத்து நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மாடியில். மோட்டார் சைக்கிளை உதைத்தால் மருத்துவமனைதான். நான் கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவிலிருந்து தினமும் பாலம் ஏறி வருகிறவள். பாலத்தின் நடுவில் நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு முன்னால் நிற்கும் லாரியைக் கரித்துக் கொட்டும் நேரத்தில், அவன் குளித்து, சாப்பிட்டு, ஒரு கட்டுரையின் முன்னுரையையும் எழுதி முடித்திருப்பான். இப்படித்தான் எனக்குத் தோன்றும். உண்மையில் அவன் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருந்தான் என்று பிறகு தெரிந்தது. தெரிந்ததும் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அவனுடைய ஆராய்ச்சி மூக்கில் ஆரம்பித்தது. கதிர் தோலில் பட்டதும் முழு வேகத்தைக் காட்டாது, கொஞ்சம் உள்ளே போன பிறகுதான் காட்டும். தோலிலேயே புற்று இருந்தால் அதன் மேல் ஒரு மெத்தை மாதிரி எதையாவது வைக்க வேண்டும். நாங்கள் தட்டையான ஜெல் வைப்போம், இல்லாவிட்டால் ஈரத் துணியை மடித்து வைப்போம். மூக்கின் மேல் எதுவும் ஒழுங்காக உட்காராது. அவன் ஒவ்வொரு நோயாளியின் முகத்துக்கும் ஏற்றபடி அதை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் வார்த்து எடுத்தான். பத்திரிகையில் படம் வந்தது. மாநாட்டுக்கு வியன்னா போனான், சியோல் போனான், போன இடத்திலெல்லாம் எனக்கு ஒரு சாவி வளையம் வாங்கி வந்தான். என்னிடம் இருப்பதோ ஒரு கார்ச் சாவியும் ஒரு வீட்டுச் சாவியும்தான். மேசை இழுப்பறை நிறைய ஊர் ஊராக வளையங்கள் கிடக்கின்றன.

என் பெயரும் கட்டுரைகளில் உண்டு, நடுவில். கல்யாணப் பத்திரிகையின் அடியில் உற்றார் உறவினர் என்று போடுவார்களே, அந்த மாதிரி. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் பெயர் முதலில் வரும் ஒரு ஆய்வு. அதை ஒரு மேடையில் நின்று நானே பேச வேண்டும். வியன்னாகூட வேண்டாம், கோலாலம்பூர் போதும் என்று மனத்துக்குள் இறங்கி வந்திருந்தேன்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் அளந்ததை இன்னொருவர் தனியாக அளந்து பார்க்க வேண்டும். முதல் ஆளின் விடையைப் பார்க்காமல், அவர் செய்ததையெல்லாம் முதலிலிருந்து செய்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் இரண்டாவது கையெழுத்து. நோயாளிகளுக்கான திட்டத்துக்கு எந்த ஊரிலும் இது உண்டு. எங்கள் தலைவர் இதை ஆராய்ச்சிக்கும் வைத்துவிட்டார். இரண்டாவது கையெழுத்து இல்லாமல் ஒரு கட்டுரையும் அறையை விட்டு வெளியே போகக்கூடாது. முழுவதையும் அளக்க நேரமில்லாவிட்டால் சிலதையாவது அளந்து பார்க்க வேண்டும்.

தலைவர் ஒரு சீனர். அதிகம் பேச மாட்டார். அவனுடைய கட்டுரைகளையெல்லாம் என்னிடமே சரிபார்க்கக் கொடுத்தார். ஒருமுறை பொறுக்க முடியாமல், எப்போதும் ஏன் நானே, வேறு ஆளே இல்லையா என்று கேட்டேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "மற்றவர்களுக்கெல்லாம் அவனைப் பிடிக்கும்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் மனிதர் சொன்னது சரி. மற்றவர்கள் அவன் வேலையைச் சிரித்த முகத்தோடு பார்ப்பார்கள். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பேன். அவன் அளந்த ஒவ்வொரு புள்ளியையும் அளப்பேன். அவன் அளக்காததையும் அளப்பேன். சேம்பர் என்று நாங்கள் சொல்லும் அளவுக்கருவியை ஒருமுறை அவன் இரண்டு மில்லிமீட்டர் ஆழம் தள்ளி வைத்திருந்தான். அதைக் கண்டுபிடித்த அன்று பாயசம் குடித்த மாதிரி இருந்தது. இன்னொரு முறை ஒரு வரைபடத்தில் இடமும் வலமும் மாறியிருந்தன. அன்றைக்குப் பாலத்தில் ஜேம் ஆனதுகூட எனக்குத் தெரியவில்லை.

அவனிடம் போய்ச் சொன்னால் அவன் முகம் தொங்க வேண்டும் அல்லவா. தொங்காது. "அய்யோ, ஆமாக்கா. நல்ல வேளை நீங்க பார்த்தீங்க" என்பான். மறுநாள் திருத்திக் கொண்டுவந்து வைப்பான், கூடவே கடையிலிருந்து ஒரு பொட்டலம் நாசி கண்டார். அந்தக் குழம்பு நன்றாக வேறு இருக்கும்.

என் கணவருக்கு புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை. தயாரான பொருளைச் சோதித்து அனுப்பும் பிரிவு. நான் வீட்டில் உட்கார்ந்து அவனுடைய கட்டுரையைச் சிவப்பு மையால் கீறிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "எங்க லைன்ல உன்ன மாதிரி ஒருத்தி இருந்தா ஒரு பொருளும் வெளிய போகாது லா. ஆனா போறது ஒன்னுகூட திரும்பி வராது."

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அவனுடைய கட்டுரைகள் எதுவும் திரும்பி வந்ததில்லை. இதழ்களில் அவனுக்கு நல்ல பெயர், இவன் எண்களை நம்பலாம் என்று. அந்தப் பெயரில் பாதி என் வயிற்றெரிச்சல். அதற்கு யாரும் நன்றி போடப் போவதில்லை.

எனக்கான ஆய்வு ஒரு நோயாளியிடமிருந்து வந்தது. மூக்குக்குப் பின்னால் தொண்டையில் வரும் புற்று எங்கள் பக்கத்துச் சீனர்களிடம் நிறைய உண்டு. அதற்குச் சிகிச்சை வாரக்கணக்கில் நடக்கும். தலை அசையாமல் இருக்க, பிளாஸ்டிக் வலையைச் சூடாக்கி முகத்தின் மேல் அழுத்தி முகமூடி செய்வோம். அந்த நோயாளிக்கு விழுங்க முடியாமல் உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் முகமூடியைப் பூட்டிய பிறகு, உள்ளே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டி, வீடு பெரிதாகிவிட்டது என்று மலாயில் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தோலுக்கும் முகமூடிக்கும் நடுவே இவ்வளவு காற்று புகுந்தால் தோலில் விழும் அளவு எவ்வளவு மாறும்? எவ்வளவு தளர்ந்தால் புது முகமூடி செய்ய வேண்டும்? எங்கள் அறையில் இதற்கு ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். அளந்தவர் ஒருவரும் இல்லை.

இது என்னுடையது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவனிடம் மூச்சு விடவில்லை.

உடம்புக்குப் பதிலாக நாங்கள் பிளாஸ்டிக் பலகைகளை அடுக்கி வைத்து அளப்போம். மேற்பரப்பை ஒட்டி ஒரு பலகையில் சேம்பர் உட்கார்ந்திருக்கும். நோயாளிகள் வராத சனிக்கிழமைக் காலைகளில்தான் இயந்திரம் கிடைக்கும். நான் பதிவு செய்து வைத்திருந்த சனிக்கிழமை பாலத்தில் ஏதோ விபத்து. வந்து சேரும்போது பாதிக் காலை போயிருந்தது. பலகைகளை யாரோ ஸ்டோருக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ஓடிப்போய்த் தூக்கி வந்து, அடுக்கி, மேலே முகமூடித் துண்டை வைத்து அளக்க ஆரம்பித்தேன். முதலில் இடைவெளியே இல்லாமல், பிறகு கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று. முடிவு ஆச்சரியமாக இருந்தது. இடைவெளி கூடினாலும் அளவு மாறவே இல்லை. முகமூடி ஓரளவு தளர்ந்தாலும் கவலையில்லை, எல்லோரும் வீணாகப் பயப்படுகிறோம் என்பதுதான் என் ஆய்வு சொன்ன செய்தி. எல்லோரையும் மறுத்துப் பேசும் ஒரு முடிவு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

எழுதி முடித்தபோது இரண்டாவது கையெழுத்துக்கு அவன்தான் கிடைத்தான். வேறு வழியில்லாமல் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். நான் அவனைப் பாடாய்ப் படுத்தியதற்கெல்லாம் இப்போது வட்டியோடு வரும் என்று நினைத்தேன். அவன் இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

இரண்டு நாளில் கையெழுத்தோடு திரும்பி வந்தது. ஒரு சிவப்புக் கோடு இல்லை.

"சூப்பர்க்கா. ஒன்னுமே திருத்தறதுக்கு இல்ல. அப்படியே அனுப்புங்க."

அன்று மாலை பாலத்தில் ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டே போனேன். அவனாலேயே ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று கணவரிடம் எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. கோலாலம்பூர் மாநாட்டிலிருந்து பதில் வந்தது. மேடையில் பேசும் வாய்ப்பு எனக்கு. அவனுக்கும் ஒன்று, வழக்கம்போல. ஆனால் எனக்கும் ஒன்று. புதுச் சேலை எடுக்கலாமா, பேண்ட் சட்டையே போதுமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மாநாட்டுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, பேச்சில் காட்ட ஒரு படம் தேவைப்பட்டது. அளக்கும் அமைப்பைப் படம் எடுக்க ஒரு சனிக்கிழமை மறுபடியும் அடுக்கினேன். அந்த வாரம் அவன் தன் வேலைக்காகப் பலகைகளை இயந்திர அறையிலேயே விட்டு வைத்திருந்தான். படம் எடுத்தாயிற்று, அடுக்கியதை வீணாக்குவானேன் என்று ஒருமுறை அளந்தேன். பெரிய இடைவெளியில் அளவு குறைந்திருந்தது. இடைவெளியை எடுத்துவிட்டு அளந்தேன், கூடியிருந்தது. மறுபடியும் வைத்தேன், குறைந்தது. என் கட்டுரையோ அளவு மாறாது என்று சொல்லிக்கொண்டிருந்தது.

பலகையில் கை வைத்தேன். ஜில்லென்று இருந்தது. உடனே புரிந்துவிட்டது.

சேம்பருக்குள் இருப்பது வெறும் காற்று. அந்தக் காற்று சூடாக இருந்தால் விரிந்து, உள்ளே நிற்பது குறைந்துவிடும், கருவியும் குறைத்தே காட்டும். அதைச் சரிக்கட்ட நாங்கள் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு ஒரு பெருக்கல் போடுவோம். நான் குறித்தது சுவரில் தொங்கிய தெர்மாமீட்டரை. அது ஏர்கான் குளிரைச் சொன்னது. பலகைகளோ ஜன்னல் இல்லாத ஸ்டோரின் வேக்காட்டோடு வந்தவை. நான் அளக்க அளக்க அவை மெதுவாக ஆறியிருக்கின்றன, ஆற ஆற அளவு ஏறியிருக்கிறது. இடைவெளி ஒரு பக்கம் அளவைக் குறைக்க, ஆறிய பலகை இன்னொரு பக்கம் அதை ஏற்ற, இரண்டும் சேர்ந்து எனக்கு ஒரு நேர்க்கோட்டைப் போட்டுக் கொடுத்திருக்கின்றன. அதைத்தான் நான் கண்டுபிடிப்பு என்று தூக்கிக்கொண்டு போனேன். நான் மேடையில் பேசியிருந்தால், அதைக் கேட்ட யாரோ ஒருவர் தளர்ந்த முகமூடியோடு ஒரு நோயாளியைப் படுக்க வைத்திருப்பார்.

திங்கட்கிழமை தலைவரிடம் சொல்லி, மாநாட்டிலிருந்து பெயரை எடுத்துவிட்டேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிறகு அவனைத் தேடிப் போனேன். பேன்ட்ரியில் மிலோ கலக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, என் பேப்பருக்கு நீ அளந்து பார்த்தியா?"

"பார்த்தேன்கா. நடுவுல ஒரு பாயிண்ட் எடுத்தேன். உங்க எண்ணுக்குப் பக்கத்துல, டாலரன்ஸ்குள்ளதான் வந்துச்சு. ஏன்கா?"

சொன்னேன். கேட்கக் கேட்க அவன் முகம் வெளிறிப்போனது. அவ்வளவு நாள் நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. பார்த்தபோது ஒன்றும் இனிக்கவில்லை.

"என் தப்புக்கா. நான் எல்லாத்தையும் அளந்திருக்கணும்."

"நான் உன்னுது எல்லாத்தையும் அளக்கறேன்ல. நீ ஏன் ஒன்னோட நிறுத்தின?"

"நீங்க செஞ்சதாச்சே. உங்க வேலையைப் போயி யாரு சந்தேகப்படுவா? நல்லா வரட்டும்னு நினைச்சேன். தப்பு தேடணும்னே தோணல லா." பிறகு உண்மையாகவே புரியாமல் கேட்டான்: "எதுக்குக்கா தேடணும்?"

எதற்குத் தேட வேண்டும். பதில் எனக்குள்ளேயே ஓடியது. நீ என்னை முந்திவிடக் கூடாது என்பதற்காக நான் தேடினேன். நான் உன்னை முந்திவிடுவேன் என்று நீ ஒரு நாள்கூட நினைத்ததில்லை, அதனால் தேடவில்லை. இத்தனை வருடம் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பந்தயம் நடப்பதாக நினைத்து ஓடியிருக்கிறேன். அவனோ ஓரமாக நின்று எனக்குக் கை தட்டிக்கொண்டிருந்திருக்கிறான். என் பொறாமை அவனுடைய கட்டுரைகளையெல்லாம் காப்பாற்றியது. அவன் நல்ல மனம் என்னுடைய ஒரே கட்டுரையைக் கவிழ்த்துவிட்டது. இதை யாரிடம் போய் முறையிடுவது?

அவன் மாநாட்டுக்குப் போய் வந்தான். இந்த முறை சாவி வளையம் வாங்கி வரவில்லை. தயங்கியிருப்பான் போலிருக்கிறது. அதுவும் எனக்குக் குத்தியது.

நான் மறுபடியும் அளந்தேன். பலகைகளை முன்கூட்டியே இயந்திர அறையில் வைத்து, தொடாதீர்கள் என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டினேன். பலகைக்குள்ளேயே ஒரு தெர்மாமீட்டரைச் செருகினேன். இப்போது வந்த முடிவில் அதிசயம் ஒன்றும் இல்லை. முகமூடி தளர்ந்தால் அளவு குறைகிறது, இந்த இடைவெளியைத் தாண்டினால் புதிது செய்யுங்கள், அவ்வளவுதான். பழைய முடிவு அளவுக்குப் பரபரப்பு கிடையாது. ஆனால் உண்மை. எங்கள் அறையில் அதன்படியே முகமூடிகளை மாற்ற ஆரம்பித்தார்கள்.

எழுதி முடித்து அவன் மேசையில் வைத்தேன். வைத்துவிட்டு நகராமல் நின்றேன்.

"தம்பி, இந்தத் தடவை என் மேல கொஞ்சம் பொறாமைப்பட்டுப் பாரு."

சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினான்.

"எனக்கு இது கிடைக்கவே கூடாதுன்னு நினைச்சுக்கிட்டு அள. உனக்கு வரவேண்டியதை நான் தட்டிக்கிட்டுப் போறேன்னு நினைச்சுக்கோ."

"எனக்கு அதெல்லாம் வருமான்னு தெரியலையேக்கா," என்றான். பிறகு, "ட்ரை பண்றேன்" என்றான்.

சனிக்கிழமை காலை அவன் அளந்தான். நான் கண்ட்ரோல் அறையில் உட்கார்ந்து கேமரா திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ஒரு புள்ளியையும் விடவில்லை. பலகையைத் தொட்டுப் பார்த்தான், தெர்மாமீட்டரை வெளியே எடுத்து அதையே இன்னொரு தெர்மாமீட்டரோடு ஒப்பிட்டான், இடைவெளிக்கு நான் வைத்திருந்த துண்டுகளின் கனத்தைத் தானே அளந்தான். கிட்டத்தட்ட என்னைப் போலவே செய்தான். அவன் நெற்றி சுருங்கியிருந்தது. பொறாமை வந்துவிட்டதா என்று எனக்கு ஒரு நப்பாசை.

மதியம் ஆகும்போது வெளியே வந்து, தன் எண்களை என் எண்களுக்குப் பக்கத்தில் வைத்தான். மேலிருந்து கீழே விரலை ஓட்டினான். ஒரு வரி விடாமல் ஒத்துப்போயிருந்தன.

"எல்லாம் சரியா வந்துருச்சுக்கா," என்றான். அவன் வாயெல்லாம் பல். கூடத்தில் போன நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னான். தலைவருக்கு போன் போட்டுச் சொன்னான். அவன் வேலையில் தப்புத் தேடுவது போல நான் அவன் முகத்தில் தேடினேன், கண்ணோரத்தில், சிரிப்பு முடியும் இடத்தில், எங்காவது ஒரு துளி கசப்பு இருக்காதா என்று. இல்லை. முகம் முழுக்க சந்தோஷம்தான் இருந்தது. எனக்குக் கிடைத்ததில் அவனுக்கு வந்த சந்தோஷம், நான் அவனுக்காக ஒருநாளும் படாத சந்தோஷம்.

என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினான். நான் ஆசைப்பட்டது கையில் இருந்தது. அவ்வளவு பொறாமை எனக்கு அவன் மேல் அதுவரை வந்ததே இல்லை.